அப்பத்தா செத்த சேதி வந்தால்: ராம்நாட்டுப் பிள்ளைகள் வேலைக்கு ஊர் பிடிப்பது எப்படி

ஏப்ரல் 15 வந்தால் நம் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதே நாட்களில்தான் பிளஸ் டூ முடித்தவன், டிப்ளமோ முடித்தவன், கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு அரியர் எத்தனை வரும் என்று விரல் விட்டு எண்ணுகிறவன் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அப்பாவும் வீட்டில், பிள்ளையும் வீட்டில். ரெண்டு பேரும் ஒரே திண்ணையில் நாலு நாள் உட்கார்ந்தால் அஞ்சாவது நாள் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும்: "எந்த ஊருக்குப் போகப் போற?"

கடலுக்கு வா என்று அப்பாக்களே கூப்பிடுவதில்லை இப்போது. எல்லை தாண்டினான் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் ஆள் திரும்பி வருவான், படகு வருமா என்பது சந்தேகம். அதனால் ஏதோ ஒரு ஊருக்குப் போவது உறுதி. எந்த ஊர் என்பதுதான் பாக்கி.

எனக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம். திருப்பூரில் எட்டு மாதம், சென்னையில் ஆறு வருஷம், கோயம்புத்தூரில் மூணு வருஷம் இருந்திருக்கிறேன், நடுவில் பெங்களூரு நாலு மாதம். இந்தச் சீசன் வந்தால் யாராவது ஒரு தம்பி போன் போட்டு "அண்ணே, எந்த ஊர் நல்ல ஊர்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில், அந்தக் கேள்வியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். நானும் நல்ல ஊர் என்று நினைத்துத்தான் சென்னைக்குப் போனேன். உண்மையான காரணம் என்னவென்றால், கூடப் படித்த ஒருத்தன் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தான், அவன் கட்டிலுக்குக் கீழே பெட்டி வைக்கவும் பக்கத்தில் பாய் விரிக்கவும் இடம் இருந்தது. வேலை கிடைத்ததோ அம்பத்தூர் எஸ்டேட்டில். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி ரெண்டு பஸ் மாறிப் போய், ராத்திரி ஒன்பதரைக்குத் திரும்பி வந்து, மெஸ் மூடியிருந்தால் பரோட்டா தின்றுவிட்டுப் படுத்தால் மறுபடி ஆறு மணி. மெரினா நடக்கிற தூரத்தில் இருந்தது. நாலு மாதத்தில் நான் கடலைப் பார்த்தது ரெண்டு தடவை. கடலோரத்தில் பிறந்தவன் சொல்கிறேன். அந்தக் கம்பெனி கடைசி மாதச் சம்பளத்தை இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தது, கேட்கப் போவதற்குப் பஸ் செலவுதான் அதிகம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் ஒன்று விளங்கியது. சென்னை என்று ஒரே ஊர் கிடையாது. ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் ரோடு ஒரு ஊர், அம்பத்தூர் ஒரு ஊர், ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் காஞ்சிபுரம் மாவட்டம், அதைச் சென்னை என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். ஆகவே ஊரைத் தேடாதீர்கள், வேலை எந்தத் தெருவில் இருக்கிறது என்று தேடுங்கள், அப்புறம் அந்தத் தெருவிலிருந்து எவ்வளவு தூரத்தில் படுக்கலாம் என்று பாருங்கள்.

உங்கள் வேலை எங்கே குடியிருக்கிறது?

கம்ப்யூட்டர் படிப்பு என்றால் சென்னை, பெங்களூரு ரெண்டும்தான் பெரிய குளம். சென்னையில் 2000இல் தரமணியில் டைடல் பார்க் வந்தது, அதற்குப் பிறகு பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று ஒரே ரோட்டில் தெற்கே நீண்டுகொண்டே போய்விட்டது. பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டி ஒரு மூலை, ஒயிட்ஃபீல்ட் இன்னொரு மூலை. கோயம்புத்தூரில் பீளமேடு, சரவணம்பட்டி. மதுரையில் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் அரசின் எல்காட் ஐடி பார்க் இருக்கிறது, ஆனால் அங்கே ஒரு வேலை போனால் அடுத்த வேலைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இந்த விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இளவட்டங்கள் ஏன் சென்னையையும் பெங்களூரையும் பிடித்துத் தொங்குகிறார்கள் என்றால் முதல் சம்பளத்துக்காக இல்லை. ரெண்டாவது சம்பளத்துக்காக. ஒரு கம்பெனியில் மேனேஜர் சரியில்லை என்றால் அதே பஸ்ஸில் ஏறி ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி வேறு கம்பெனியில் சேரலாம், ரூம் மாற வேண்டாம், மெஸ் மாற வேண்டாம். சின்ன ஊரில் முதலாளிக்கும் இது தெரியும், இவன் எங்கே போய்விடுவான் என்று அவருக்கு ஒரு தெம்பு.

டிப்ளமோ மெக்கானிக்கல், ஐடிஐ ஃபிட்டர், டர்னர் என்றால் என் ஓட்டு கோயம்புத்தூருக்கு. பம்பு, மோட்டார், கிரைண்டர், வார்ப்படம், லேத் பட்டறை என்று சந்துக்குச் சந்து வேலை. பெரிய கம்பெனிதான் வேண்டும் என்றால் ஓசூர், ஒரகடம். ஆனால் பெரிய கம்பெனியில் டிரெய்னியாக எடுத்து ரெண்டு வருஷத்தில் வெளியே அனுப்பிவிட்டு அடுத்த பேட்ச் எடுப்பதும் நடக்கிறது. பட்டறையில் கை கருப்பாகும், வேலை கைக்கு வரும். சிஎன்சி என்கிற கம்ப்யூட்டர் மிஷின் ஓட்டத் தெரிந்த கைக்கு இன்னும் மதிப்பு. எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எந்தப் படிப்பும் முடிக்கவில்லை, அல்லது முடித்தும் பயன் இல்லை, கையில் உடனே காசு வேண்டும், வீட்டில் கடன் என்றால் திருப்பூர். கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்தால் அந்தச் சனிக்கிழமையே சம்பளம். காலை எட்டரைக்கு உள்ளே போய்ச் சாயங்காலம் அஞ்சரை என்றால் ஒரு ஷிப்ட், எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட், ஆர்டர் நெருக்கடி என்றால் அதற்கு மேலும் ஓடும். ஓவர்லாக், பேட்லாக் மிஷின் பழகிவிட்டால் பீஸ் ரேட்டில் நல்ல காசு பார்க்கலாம். எட்டே மாதத்தில் நான் அக்கா நகையைத் திருப்பிக் கொடுத்தது திருப்பூர்க் காசில்தான், அதனால் அந்த ஊரைக் குறைவாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். ஆனால் ஆர்டர் இல்லாத மாதம் சம்பளமும் இல்லை. வெளிநாட்டில் ஒருத்தன் வரியைக் கூட்டினால் இங்கே நம் பையன் ஷிப்ட் குறையும். கடன் அடைக்கப் போகிறவன் எத்தனை மாதம் என்று முதலிலேயே தேதி குறித்துக்கொண்டு போவது நல்லது.

குரூப் 4, போலீஸ், ரயில்வே பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிச் சென்னைக்கு ரூம் எடுத்துப் போகிறவர்களை மட்டும் நான் தடுத்துப் பார்ப்பேன். ராமநாதபுரத்தில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடக்கிறது, முதலில் அங்கே ஆறு மாதம் உட்காருங்கள். படிப்பதற்கு ஊர் மாற வேண்டும் என்று யார் சொன்னது? மதுரை எய்ம்ஸின் முதல் பேட்ச் பிள்ளைகளே 2022இல் நம் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் வகுப்பு தொடங்கினார்கள். இந்தப் பெருமையை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லத் தவறுவதில்லை.

சம்பளத்தைப் பார்க்காதீர்கள், மிச்சத்தைப் பாருங்கள்

ஒரு தம்பிக்கு ரெண்டு வேலை வந்தது. சென்னையில் 22,000, கோயம்புத்தூரில் 18,000. வீட்டில் எல்லாரும் சென்னை என்றார்கள், 4,000 அதிகம் என்று. நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேப்பரில் எழுதினோம். சென்னையில் சாப்பாட்டோடு தங்குமிடம் 9,500, போக வர 1,800, டீ, வெளியே சாப்பாடு, போன் 2,500, மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்து போக 1,600. மொத்தம் 15,400, மிச்சம் 6,600. கோயம்புத்தூரில் நாலு பேர் சேர்ந்த வீட்டில் அவன் பங்கு வாடகையும் சமையலும் 6,000, பட்டறை நடக்கிற தூரம் என்பதால் போக வர 600, டீயும் போனும் 2,000, ஊருக்கு 1,200. மொத்தம் 9,800, மிச்சம் 8,200. இவை அந்தத் தம்பியின் எண்கள், உங்கள் எண் வேறாக இருக்கும். எழுதிப் பார்க்காமல் பஸ் ஏறாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எழுதும்போது எல்லாரும் விட்டுவிடுகிற வரி ஒன்று உண்டு. கரண்ட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் வாடகைக்கு இருக்கிறவனுக்கு ஓனர் தனியாக ஒரு குட்டி மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்குவார். யூனிட்டுக்கு எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள்.

அந்தத் தம்பி கடைசியில் சென்னைக்குத்தான் போனான், அது வேறு கதை. அவனுக்குப் பிடித்த பெண் தாம்பரத்தில் இருக்கிறாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பேப்பரில் அதற்கு வரி போடவில்லை நாங்கள்.

இழவு டெஸ்ட்

பேர் கேட்க நன்றாக இல்லை, ஆனால் நான் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி இது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வருகிறது. அப்பத்தா போய்விட்டார். "காலையில தூக்குறதுக்குள்ள வந்துரு" என்கிறார் சித்தப்பா. நீங்கள் பார்க்கிற அந்த ஊரிலிருந்து, ரிசர்வேஷன் இல்லாமல், கையில் இருக்கிற காசில், விடியும்போது வீட்டு வாசலில் நிற்க முடியுமா?

கோயம்புத்தூரிலிருந்து முடியும். சிங்காநல்லூரில் மதுரை பஸ் ஏறினால் போதும், நின்றுகொண்டாவது வந்துவிடலாம். மாட்டுத்தாவணிக்கு வந்துவிட்டால் வீட்டுக்கு வந்த மாதிரி, ராத்திரி எந்த நேரமானாலும் ராமநாதபுரம் போகிற வண்டிக்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. திருப்பூரும் இதே கணக்குதான், கொஞ்சம் மாறும்.

சென்னையிலிருந்து ரயில் கிடைத்தால் ராஜா மாதிரி வரலாம். சேது எக்ஸ்பிரஸ் இருக்கிறது, நம் ஆட்கள் இன்னும் போட் மெயில் என்றே சொல்கிற ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறந்தபோது தாம்பரத்திலிருந்து திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாக இன்னொரு வண்டியும் விட்டார்கள். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதிலிருந்து தீவுக்காரர்கள் இக்கரையிலேயே இறங்கிப் பஸ் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அந்தக் கஷ்டம் முடிந்தது. ஆனால் திடீரென்று கிளம்பினால் அன்ரிசர்வ்டு பெட்டிதான், அதில் கழிவறை வாசலில் உட்கார்ந்து வந்த ராத்திரிகள் எனக்கு உண்டு. பஸ் என்றால் இப்போது கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள், அதற்குப் பிறகு தெற்கே போகிற வண்டிகள் கோயம்பேட்டுக்குள் வருவதில்லை. தாம்பரம், கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கிறவனுக்கு இது வரம். அம்பத்தூர்க்காரனுக்குக் கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதே ஒரு பயணம். வீடு பார்க்கும்போது இதையும் கணக்கில் வைக்க வேண்டும் என்பது அதற்குத்தான்.

பெங்களூரிலிருந்தும் ஒரு ராத்திரிதான், ஆனால் அது கேட்கிற காசு வேறு. சாதாரண நாளில் சமாளிக்கலாம். பொங்கல், தீபாவளி என்றால் ஆம்னி பஸ்காரர் சொல்வதுதான் விலை. ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னால் திறக்கும், 2024 நவம்பரிலிருந்து 60 நாள் என்று ஆக்கிவிட்டார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வர வேண்டும் என்றால் நவம்பர் நடுவில் ஒரு காலை எட்டு மணிக்கு ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

தண்ணி, வீடு, மீன்

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மேலதிகாரி மிரட்டினால் அது நம் மாவட்டம் என்று தமிழ்நாட்டுக்கே தெரியும். நாலு குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்து ஒரு கிலோமீட்டர் தள்ளியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை நகரத்திலும் விட்டுவிடாதீர்கள். வீடு பார்க்கப் போனால் டைல்ஸைப் பார்க்காமல் முதலில் குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். சென்னையில் 2019 கோடையில் ஏரிகள் வற்றி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பெங்களூரில் 2024 கோடையில் போர்வெல் வற்றி, லாரித் தண்ணிக்கு அடித்துக்கொண்டார்கள். லாரி வந்தால் காசு யார் கொடுப்பது, ஓனரா வாடகைக்காரரா, கேட்டு வையுங்கள். சிறுவாணி வருகிற பகுதியில் வீடு கிடைத்தால் கோயம்புத்தூர்க்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்கள், குடித்துப் பார்த்தால் நீங்களும் சொல்வீர்கள்.

தண்ணீர் இல்லாதது ஒரு பக்கம், அதிகமாக வருவது இன்னொரு பக்கம். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் சர்டிபிகேட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வேளச்சேரி என்ற பேரிலேயே ஏரி இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள், பெயர்க்காரணம் எதுவானாலும் ஏரி அங்கே இருப்பது நிஜம். புரோக்கரிடம் கேட்டால் "இங்கே தண்ணியே நிக்காது தம்பி" என்பார். அவரிடம் கேட்காமல் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கேளுங்கள். எந்தப் படி வரை ஏறியது என்று கையைக் காட்டியே சொல்லிவிடுவார், ஏனென்றால் அவருடைய அரிசி மூட்டை நனைந்திருக்கும்.

அட்வான்ஸ் விஷயம். தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ரெண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் மூணு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அப்படியும் பத்து மாதம் கேட்கிற ஓனர்கள் இருக்கிறார்கள், பெங்களூரிலும் அந்தப் பழக்கம் உண்டு. சட்டம் பேசினால் வீடு கிடைக்காது, பேசாமல் இருந்தால் காசு மாட்டிக்கொள்ளும். நான் செய்தது என்னவென்றால், முதல் ஒரு வருஷம் தனி வீடே எடுக்கவில்லை, ஏற்கெனவே நாலு பேர் இருக்கிற வீட்டில் போய் ஒட்டிக்கொண்டு, வெளியே போகிறவனுக்கு அவன் பங்கு அட்வான்ஸை மட்டும் கொடுத்தேன்.

வீட்டுக்காரர் கேட்கிற கேள்விகளுக்கும் தயாராக இருங்கள். "சைவம்தானே?" என்பது ஒன்று. "ராம்நாடா, அங்கே எந்த ஊர், எந்தத் தெரு?" என்பது இன்னொன்று. தெருப் பேர் கேட்பது தபால் அனுப்புவதற்கு இல்லை என்று நமக்குத் தெரியும். கீழக்கரை, பெரியபட்டினம் முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பேரைச் சொன்னதுமே "வீடு இப்பதான் முடிஞ்சுது" என்று பதில் வந்த கதைகள் நிறைய. அதனால்தான் சென்னை மண்ணடியில் நம் ஆட்கள் இத்தனை பேர், வியாபாரம் மட்டும் காரணமில்லை. இதற்கு என்னிடம் வழி எதுவும் இல்லை. போனில் பேசும்போதே பேர், சாப்பாடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் வெயிலில் அலைகிற அலைச்சல் மிச்சம், அவ்வளவுதான்.

மீன் என்பதைச் சிரிக்காமல் படியுங்கள். பாம்பன் கரையில் காலையில் வந்த நகரை மீனையும் பாறை மீனையும் மதியம் குழம்பில் பார்த்து வளர்ந்தவனுக்கு ஐஸில் கிடந்த மீன் ரெண்டு மாதத்தில் வெறுத்துவிடும். சென்னையில் காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை இருக்கிறது, விடியக்காலையில் போனால் நல்லது கிடைக்கும். கோயம்புத்தூரில் உக்கடம். நான் பெங்களூரை விட்டு நாலே மாதத்தில் வந்ததற்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். நிஜத்தில் குளிர் அருமையாக இருந்தது, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், மே மாதத்திலும் ராத்திரி போர்வை. இனிக்கிற சாம்பார்தான் என்னால் முடியவில்லை.

பெங்களூரைப் பற்றி நியாயமாகவும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் வேலைக்குச் சம்பளம் அங்கே ஒரு படி மேலே, வாரக்கடைசியில் மலை ஏறப் போகலாம், சில்க் போர்டு நெரிசலில் ஒரு வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் மெட்ரோ எலக்ட்ரானிக் சிட்டி வழியாகவே போகிறது. தமிழ் பேசியே காலம் தள்ளலாம் என்று சொல்வார்கள், தள்ளலாம்தான், ஆனால் ஆட்டோவிலும் காய்கறிக் கடையிலும் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசினால் முகமே மாறும். எண்கள், இடது வலது, எவ்வளவு, கொஞ்சம் குறையுங்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும்.

வீட்டில் சொல்லாத காரணம்

ஏன் அந்த ஊர் என்று அப்பா கேட்டால் எல்லாரும் சம்பளம் என்றுதான் சொல்கிறோம். அதற்குள் இன்னொன்று இருக்கிறது. நம் ஊரில் டீக்கடையில் நின்றால் "நீ யாரு மகன்?" ரெண்டு நாள் முடி வெட்டாமல் இருந்தால் வீட்டுக்குச் சேதி போகும். நகரத்தில் நீங்கள் யார் மகன் என்று யாருக்கும் அக்கறை இல்லை. முதல் மூணு மாதம் அது அநாதை மாதிரி இருக்கும், அப்புறம் அதுவே பிடித்துப்போகும். இது பிடித்துத்தான் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதல். என் தங்கச்சி லேப் டெக்னீஷியன், ஊர் தேடும்போது நான் மேலே சொன்ன டெஸ்ட் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "ராத்திரி ஒன்பதரைக்கு டூட்டி முடிஞ்சு பஸ் ஸ்டாப்புல இருந்து ஹாஸ்டலுக்கு நடக்கிற வழியில எத்தன கடை தொறந்திருக்கும்?" எனக்கு இது தோன்றவே இல்லை, ஆறு வருஷம் ராத்திரி ஒன்பதரைக்கு நடந்தவன் நான். அவள் மதுரை, சென்னை, கோயம்புத்தூர் மூணிலும் அந்த நேரத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நடந்து பார்த்துவிட்டுத்தான் கோயம்புத்தூர் என்றாள்.

அவள் சொல்லச் சொன்னவை சில. ஹாஸ்டல் கதவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதும் உங்கள் ஷிப்ட் முடிகிற நேரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், ஒத்துப்போகாமல் ரிசப்ஷன் நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருந்த தோழி அவளுக்கு உண்டு. அரசு நடத்துகிற தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருச்சி போன்ற இடங்களில் இருக்கின்றன, தனியார் ஹாஸ்டலுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அங்கே இடம் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021இலிருந்து டிக்கெட் இல்லை, மாதத்துக்கு அது ஒரு நல்ல தொகை. பெங்களூரிலும் இலவசம் உண்டு, ஆனால் அது கர்நாடகப் பெண்களுக்கு, நம் ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள்.

மதுரை என்ற நடுப்படி

நேராகச் சென்னைக்குப் போகப் பயமாக இருந்தால் மதுரையில் ஒரு வருஷம் இருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கலாம் ஐயாவே ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி, அப்புறம் திருச்சி செயின்ட் ஜோசப், அப்புறம்தான் சென்னை எம்ஐடி என்று ஒவ்வொரு படியாகப் போனார். மதுரையில் சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு. சம்பளம் குறைவு, ஆனால் சமைக்கத் தெரியாது, துணி துவைக்கத் தெரியாது, வங்கியில் போய் நாலு வார்த்தை பேசத் தெரியாது என்கிற எல்லாவற்றையும் வீட்டுக்குப் பக்கத்திலேயே பழகிக்கொள்ளலாம்.

வெளிநாடு தனிக் கட்டுரை எழுத வேண்டிய விஷயம், இங்கே ரெண்டு வரி. நமக்கு ஈசிஆர் என்றால் தொண்டி, தேவிபட்டினம் வழியாகப் போகிற ரோடு, ஆனால் பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் பாஸ்போர்ட்டில் வருகிற ஈசிஆர் வேறு, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும். ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள், பதிவு பெற்றவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

போய்ப் பார்க்கிற பதினைந்து நாள்

முடிவு செய்துவிட்டு ஊரைப் பார்க்கப் போகாதீர்கள், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ரெண்டு ஊரைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு வாரம். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் நாலு நாளுக்கு மேல் வேண்டாம், அஞ்சாவது நாள் அத்தை முகத்தில் தெரியும், மீதி நாளுக்கு நண்பன் ரூம். ஞாயிற்றுக்கிழமை போய் மாலும் கடற்கரையும் பார்த்துவிட்டு வருவது பார்ப்பது ஆகாது. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நீங்கள் தங்கப்போகிற இடத்திலிருந்து வேலை இருக்கிற இடத்துக்கு, நீங்கள் போகப்போகிற அதே பஸ்ஸில் போய், எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலமும் அதே மாதிரி. மூணு நாள் ஒரே மெஸ்ஸில் சாப்பிடுங்கள். முதல் நாள் எந்த மெஸ்ஸும் நன்றாகத்தான் இருக்கும்.

வேலை தருகிறோம், முன்பணம் கட்டு என்று கேட்டால் அது வேலை இல்லை. ஒரிஜினல் சர்டிபிகேட்டை எந்தக் கம்பெனி கேட்டாலும் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். என் சித்தப்பா மகன் கொடுத்துவிட்டு அதைத் திரும்ப வாங்க அலைந்தது பதினோரு மாதம்.

எங்கேயும் போக மனமில்லை என்றால் அதுவும் சரிதான், மண்டபம் ஊரிலேயே இருக்கலாம். ஆனால் ஊர்ப் பாசம் பேசி உங்களை நிறுத்துகிறவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். மண்டபம் கேம்பில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமே 1971இல் கொச்சிக்குக் கிளம்பிப் போய்விட்டது, இப்போது இங்கே இருப்பது கிளை. மீனைப் படிக்கிற ஆபீசே மண்டபத்தை விட்டு ஊர் மாறும்போது நான் மாறினால் என்ன என்று கேளுங்கள்.

கடைசியாக, பெட்டி கட்டும்போது அம்மா கருவாடு கொடுப்பார். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், முதல் மாதக் கடைசியில் அதுதான் குழம்பு. ஆனால் வெறும் கவரில் போட்டுக் கட்டாதீர்கள். நல்ல வெயிலில் இன்னொரு தடவை காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி, அதை எவர்சில்வர் தூக்கில் வைத்து மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அப்புறம் பையில் வையுங்கள். நான் வெறும் கவரில் கொண்டுபோன தடவை மானாமதுரை தாண்டுவதற்குள் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகிவிட்டது.